செண்டுமல்லி காவல் காக்குமா?

மாடியில் காய்கறி வளர்க்கிற யாரைக் கேட்டாலும் ஒரு யோசனை தவறாமல் வரும். தக்காளிக்குப் பக்கத்தில் நாலு செண்டுமல்லி வையுங்கள், பூச்சி அண்டாது. நாற்றுப் பண்ணையில் தக்காளி, கத்தரி நாற்று கேட்டால் அங்கிருப்பவரே செண்டுமல்லி நாற்றையும் சேர்த்து எடுத்து வைப்பார். காய்கறிக்கு நடுவே பூச்செடி வைப்பது இன்று கிட்டத்தட்ட விதியாகவே ஆகிவிட்டது. அந்த விதி எவ்வளவு தூரம் நிற்கும் என்று முறையாகச் சோதித்துப் பார்க்க வேண்டும். ஏனென்றால் அதை நம்பி, இலையைப் புரட்டிப் பார்ப்பதையே விட்டுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். பூ வைத்தாயிற்று, இனி அது பார்த்துக்கொள்ளும் என்ற நிம்மதியில் ஒரு பருவத் தக்காளி முழுக்கப் போய்விடுகிறது.

அளவுகோலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் பேசுவது ஏக்கர் கணக்கில் இருக்கும் வயலைப் பற்றி அல்ல. இருபது முப்பது பைகள் வைக்கும் மொட்டை மாடி, அல்லது வீட்டுக்குப் பின்னால் இரண்டு பாத்தி போடுமளவு மண். இங்கே எல்லாவற்றையும்விட அரிய பொருள் வெயில். நாளுக்கு ஆறு மணி நேரம் வெயில் விழும் இடம் ஒரு மாடியில் எண்ணிப் பார்த்தால் கொஞ்சம்தான். அந்த இடத்தில் பூச்செடி வைத்தால், அது ஒரு கத்தரியிடமிருந்தோ கொத்தவரையிடமிருந்தோ எடுத்த இடம். எனவே பூச்செடியால் கொஞ்சமாவது பலன் உண்டா என்று கேட்பது போதாது. அதே இடத்தில் இன்னொரு காய்கறிச் செடி இருந்திருந்தால் கிடைத்திருக்கக்கூடியதைவிடப் பூச்செடி அதிகம் தந்ததா? இதுதான் கேள்வி.

எந்தச் செடி எதற்கு நட்பு, எதற்குப் பகை என்ற பட்டியல்கள் ஏராளமாகப் புழங்குகின்றன. அவற்றின் வேரைத் தேடிப் போனால் பெரும்பாலும் இரண்டு அமெரிக்க நூல்களில் வந்து நிற்கும். ஹெலன் ஃபில்பிரிக்கும் ரிச்சர்ட் கிரெக்கும் சேர்ந்து எழுதி 1966இல் வந்தது ஒன்று. லூயிஸ் ரியோட் எழுதி 1975இல் வந்தது மற்றது. ரிச்சர்ட் கிரெக் இந்தியர்களுக்கு வேறு வழியில் தெரிந்தவர். காந்தியோடு சபர்மதியில் தங்கியவர். அகிம்சையின் ஆற்றலைப் பற்றி 1934இல் அவர் எழுதிய நூலின் பிற்காலப் பதிப்புக்கு மார்ட்டின் லூதர் கிங் முன்னுரை தந்திருக்கிறார். பெரிய மனிதர் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் செடிகளின் நட்பைப் பற்றி அவர் சார்ந்து நின்ற ஆதாரங்களில் முக்கியமானது, எரென்ஃபிரீட் ஃபைஃபர் என்பவர் செய்துவந்த படிகச் சோதனை. செடிச் சாற்றைத் தாமிரக் குளோரைடு கரைசலில் கலந்து உலரவிடுவார்கள். தட்டில் படியும் படிகங்களின் கோலத்தைப் பார்த்து, இரண்டு செடிகள் ஒத்துப்போகுமா போகாதா என்று முடிவு சொல்வார்கள். தட்டில் விழுந்த கோலம் மண்ணில் நடப்பதற்குச் சாட்சி ஆகாது. அந்தப் பட்டியல்களில் சில வரிகள் பிற்கால ஆய்வில் சரியென்று தெரிந்திருக்கலாம். பட்டியலில் இருக்கிறது என்பதற்காகவே எதையும் ஏற்க வேண்டியதில்லை.

ஆகவே பட்டியலை ஒதுக்கிவிட்டு, செண்டுமல்லிக்குச் சொல்லப்படும் பெருமைகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறேன்.

வேதியியல் ஆதாரம் வலுவாக இருப்பது நூற்புழு விஷயத்தில். செண்டுமல்லி வேரில் நூற்புழுவைக் கொல்லும் பொருள் இருக்கிறது என்று நெதர்லாந்து ஆய்வாளர்கள் 1958இல் பிரித்தெடுத்துக் காட்டினார்கள். ஆல்ஃபா டெர்தையனைல் என்பது அதன் பெயர். வேர்முடிச்சு நூற்புழு தக்காளி, கத்தரி, வெண்டை எல்லாவற்றையும் தாக்கும். செடி காரணம் தெரியாமல் சோர்ந்து நிற்கும். பிடுங்கிப் பார்த்தால் வேர் முழுக்க மணிமணியாக வீங்கியிருக்கும். அவரை, தட்டைப்பயறு வேரிலும் முடிச்சு இருக்கும், அது நல்ல முடிச்சு. வித்தியாசம் கண்டுபிடிப்பது எளிது: பயறு வேரின் முடிச்சை விரலால் தேய்த்தால் தனியே கழன்று வரும், நூற்புழு வீக்கம் வேரோடு வேராக இருக்கும், கழலாது.

ஆனால் அந்த ஆதாரம் எதைச் சொல்கிறது என்று கவனிக்க வேண்டும். செண்டுமல்லியை நிலம் முழுக்க நெருக்கமாக நட்டு, இரண்டு மூன்று மாதம் வளரவிட்டு, பிறகு மடக்கி உழுது, அடுத்த பருவத்தில் தக்காளி வைத்தால் பலன் தெரிகிறது. செண்டுமல்லி வேர் பரவிய இடத்தில்தான் நூற்புழு குறையும். தக்காளிக்குப் பக்கத்தில் ஒன்றாக நட்டால், தக்காளி வேர் அதே மண்ணில் நூற்புழுவுக்குச் சாப்பாடு போட்டுக்கொண்டே இருக்கும். பாத்தியில் நூற்புழு இருப்பது உறுதியானால் ஒரு பருவம் முழுவதையும் செண்டுமல்லிக்குக் கொடுக்கலாம். அதற்கு நான் முழு ஆதரவு. மாடிப் பைக்கு இது பொருந்தாது. பையில் இருப்பது பெரும்பாலும் தென்னைநார்க் கழிவும் மட்கிய உரமும். வயல் மண்ணைக் கொண்டுவந்து கலக்காதவரை நூற்புழு வர வழி குறைவு. வந்துவிட்டால், அந்தப் பை மண்ணைக் கொட்டி மாற்றுவது செண்டுமல்லி வளர்ப்பதைவிட விரைவான வேலை.

அடுத்தது காய்ப்புழு. இதில்தான் நம் நாட்டு ஆய்வே இருக்கிறது, அதனால் நின்று பார்க்க வேண்டும்.

தக்காளிக் காயில் தலையை உள்ளே நுழைத்து, உடம்பின் பாதியை வெளியே விட்டுத் தின்னும் பச்சைப்புழுவைப் பார்க்காத தோட்டக்காரர் இருக்க மாட்டார். ஹெலிகோவெர்ப்பா என்பது அதன் அறிவியல் பெயர். அந்துப்பூச்சி இரவில் வந்து, குண்டூசித் தலையைவிடச் சிறிய வெளிர்மஞ்சள் முட்டைகளை மொட்டிலும் இளம் இலையிலும் ஒவ்வொன்றாக வைத்துவிட்டுப் போகும். செண்டுமல்லி பூத்திருந்தால் தக்காளியைவிட அதையே அதிகம் நாடும். பெங்களூரில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் விஞ்ஞானிகள் இதைப் பயன்படுத்தி ஒரு முறையை உருவாக்கி 1994இல் வெளியிட்டார்கள். பதினாறு வரிசைத் தக்காளிக்கு ஒரு வரிசை செண்டுமல்லி. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் இதே விகிதத்தைத்தான் பரிந்துரைக்கிறது. தக்காளி நாற்றுக்கு 25 நாள் வயது என்றால், செண்டுமல்லி நாற்றுக்கு 40 நாள் இருக்க வேண்டும்.

அந்தப் பதினைந்து நாள் இடைவெளிதான் முறையின் உயிர். தக்காளி பூத்துக் காய் பிடிக்கும் அதே சமயத்தில் செண்டுமல்லியும் மொட்டும் பூவுமாக நிற்க வேண்டும். இரண்டையும் ஒரே நாளில் விதைத்தால் செண்டுமல்லி பிந்திப் பூக்கும்; அதற்குள் புழு காய்க்குள் போயிருக்கும். நாற்றுப் பண்ணையில் பூவோடு நிற்கும் குட்டைச் செண்டுமல்லியை வாங்கி வைத்தாலோ, தக்காளி பூக்கத் தொடங்கும் நேரத்தில் அது ஓய்ந்துபோயிருக்கும். வீட்டுத் தோட்டத்தில் இந்தக் கணக்கைப் பார்ப்பவர்கள் அபூர்வம்.

இதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. செண்டுமல்லி பூச்சியை விரட்டுகிறது என்று மக்கள் சொல்கிறார்கள். இந்த ஆய்வு சொல்வது அதற்கு நேர்மாறு: அது பூச்சியை அழைக்கிறது. அதனால்தான் இதற்குப் பொறிப்பயிர் என்று பெயர். வயலில் அந்த ஒரு வரிசையில் முட்டை குவியும், விவசாயி அந்த வரிசையைக் கவனித்தால் போதும். குறிப்பிட்ட நாள்களில் தெளிப்பும் சேர்ந்ததுதான் அந்த முறை. செண்டுமல்லியை நட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும் முறையாக அது ஒருபோதும் இருந்ததில்லை. மாடியில் பத்துப் பை தக்காளிக்கு நடுவே நாலு செண்டுமல்லி வைத்தால், பொறிக்கும் பயிருக்கும் இடையே ஓரடிதான் தூரம். இலையோடு இலை உரசும் இடத்தில் புழு நடந்தே போய்விடும். விளைந்த புழு கீழே இறங்கி அதே பை மண்ணில் கூட்டுப்புழுவாகி, அடுத்த தலைமுறை அந்துப்பூச்சியாக மேலே வரும். அடுக்கடுக்கான இதழ் கொண்ட ஒரு செண்டுமல்லிப் பூவைக் காலையில் பறித்து இரண்டாகப் பிளந்து பாருங்கள். இதழ்களின் அடியில் ஈரமான கறுப்புத் துகளாக எச்சம் இருந்தால், உள்ளே சுருண்டு ஒரு புழு இருக்கும். பூவை மேலிருந்து பார்த்தால் ஒரு குறையும் தெரியாது.

தினமும் காலையில் இப்படி மொட்டையும் பூவையும் பார்த்து, சந்தேகமானதைக் கிள்ளி அழிக்கிறவருக்குச் செண்டுமல்லி உதவும். அந்தப் பழக்கம் இல்லாதவருக்கு அது காய்ப்புழுவை வளர்த்துத் தருகிற செடி. அதே பழக்கம் உள்ளவர் தக்காளிச் செடியையே நேராகப் பார்த்து முட்டையைத் துடைத்துவிடலாமே என்ற கேள்வியும் எழுகிறது. பத்துச் செடிதானே? வயலுக்குப் பொருளுள்ள இந்த முறை சின்ன மாடியில் தன் நியாயத்தை இழக்கிறது என்பதே என் கணிப்பு. கத்தரிக்கு இந்த அளவுகூடப் பொருத்தம் இல்லை. கத்தரியின் தண்டையும் காயையும் துளைக்கும் புழு, கத்தரியையும் அதன் உறவுச் செடிகளையும் தேடி வருவது; செண்டுமல்லி இருப்பதும் இல்லாததும் அதற்கு ஒன்றுதான்.

வாசனையால் பூச்சி ஓடிவிடும் என்பது மூன்றாவது நம்பிக்கை. இதற்குச் சாதகமாக ஒரு நல்ல ஆய்வு உண்டு. இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழகத்தினர் 2019இல் வெளியிட்டது. கண்ணாடிக் கூடத்தில் தக்காளியோடு குட்டைச் செண்டுமல்லியை முளைப்பிலிருந்தே சேர்த்து வளர்த்தபோது, வெள்ளை ஈ பெருகும் வேகம் தெளிவாகக் குறைந்தது. காரணம், செண்டுமல்லி காற்றில் விடும் லிமோனீன் என்ற வாசனைப் பொருள். ஆனால் அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது: வெள்ளை ஈ ஏற்கெனவே பெருகிவிட்ட பிறகு செண்டுமல்லியைக் கொண்டுபோய் வைத்தால் பெரிய பலன் இல்லை. அவர்கள் ஆராய்ந்தது குளிர்நாட்டுக் கண்ணாடிக் கூடத்து வெள்ளை ஈ. நம் வெண்டையில் மஞ்சள் நரம்புத் தேமலையும் தக்காளியில் இலைச் சுருட்டையையும் பரப்புவது வேறு இனம். அதுவும் நான்கு பக்கமும் காற்று வீசும் மொட்டை மாடியில் வாசனை எவ்வளவு நேரம் தங்கும்? வைரஸைச் சுமந்து வரும் ஈயில் ஒன்றிரண்டு உட்கார்ந்து உறிஞ்சினாலே நோய் தொற்றிவிடும். பெருக்கம் குறைவது நல்லதுதான், வைரஸைத் தடுக்க அது போதாது.

வாசனைக் கதையையே ஆட்டிவிட்ட ஆய்வு ஒன்று அதே இங்கிலாந்தில் வெல்ஸ்போர்னில் நடந்தது. ஸ்டான் ஃபிஞ்ச், ரோஸ்மேரி காலியர் இருவரும் முட்டைக்கோஸையும் வெங்காயத்தையும் தாக்கும் ஈக்களைக் கொண்டு ஆராய்ந்தார்கள். வாசனை மிகுந்த செடிகளும் வாசனையற்ற சாதாரணச் செடிகளும் ஈக்களைக் குழப்புவதில் ஒன்றுபோலவே இருந்தன. பச்சைக் காகிதத்தில் வெட்டி வைத்த பொய்ச் செடிகளே அந்த ஈக்கள் முட்டையிடுவதைக் குறைத்தன. அவர்கள் தந்த விளக்கம் எளிமையானது. பறந்து வரும் பூச்சி, தன் செடியின் வாசனை கிடைத்ததும் கண்ணில் படும் பச்சையில் இறங்கும். சுற்றிலும் வெறும் மண் இருந்தால் அது இறங்குவது உங்கள் பயிரில்தான். சுற்றிலும் வேறு பச்சை இருந்தால் தவறான இலையில் இறங்கும். இரண்டு மூன்று தடவை அப்படி ஏமாந்தால் விட்டுப் போய்விடும்.

அந்த ஈக்கள் நம் ஊர்ப் பூச்சிகள் அல்ல என்பதை மறக்கவில்லை. ஆனாலும் இந்த விளக்கம் நம் மாடிக்குச் சொல்லும் செய்தி பெரிது. சிமெண்டுத் தரை, நடுவே பழுப்பு நிறத் தென்னைநார் நிரம்பிய பை, அதன் மேல் தன்னந்தனியாக ஒரு கத்தரிச் செடி. பூச்சியின் கண்ணுக்கு இதைவிடத் தெளிவான இலக்கு கிடைக்காது. அந்தக் கத்தரியின் காலடியில் சிறுகீரையோ புதினாவோ பொன்னாங்கண்ணியோ பரவியிருந்தால் அதே குழப்பத்தை அது உண்டாக்கும், அடுப்பங்கரைக்கும் உதவும். வாசனைக்காகப் பூ வைப்பவர்கள் நாடும் பலன், பூ இல்லாமலே கிடைக்கக்கூடியது.

மகரந்தச் சேர்க்கை பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். தேனீ வரும், காய் நிறையப் பிடிக்கும் என்பது பாதி உண்மை. தக்காளி, கத்தரி, மிளகாய், வெண்டை, அவரை எல்லாம் தன் பூவிலேயே சேர்க்கை நடத்திக்கொள்பவை. தக்காளி, கத்தரிப் பூவின் மகரந்தப் பை உலுக்கினால்தான் கொட்டும். நம் அடுக்குத் தேனீக்கு அப்படி உலுக்கத் தெரியாது. மாடிக் காற்று அந்த வேலையைச் செய்துவிடும், தேவைப்பட்டால் கொத்தை விரலால் தட்டிவிட்டாலே போதும். சித்திரை வெயிலில் தக்காளிப் பூ உதிர்வது இரவும் சூடாக இருப்பதால். தேனீ இல்லாததால் என்று நினைத்துப் பூச்செடி வாங்குவது வீண் செலவு.

கொடிக் காய்கள் வேறு கதை. பாகல், வெள்ளரி, மஞ்சள் பூசணி ஆகியவற்றில் ஆண்பூ வேறு, பெண்பூ வேறு. காலையில் விரியும் அந்தப் பூக்களுக்குத் தேனீ கட்டாயம் வேண்டும். இல்லாவிட்டால் பிஞ்சு மஞ்சளாகி வெம்பி உதிரும். பக்கத்தில் பூக்கள் இருந்தால் தேனீ அந்த மாடிக்கு வந்து பழகும். ஆனால் தேனீ ஒரு நடையில் ஒரே வகைப் பூவையே சுற்றும் இயல்புடையது. உங்கள் காஸ்மோஸுக்கு வந்த தேனீ அதே நடையில் பாகலுக்கும் போகும் என்று சொல்ல முடியாது. சுரை, புடலை, பீர்க்கு மூன்றும் மாலையில்தான் பூ விரிப்பவை. அவற்றுக்குப் பகல் பூ எதுவும் துணையாகாது. அந்தி நேரத்தில் ஆண்பூவைப் பறித்து, இதழை மடக்கி, பிஞ்சோடு நிற்கும் பெண்பூவின் நடுவில் தொட்டுவிட வேண்டியதுதான்.

இதுவரை பூவுக்கு எதிராகவே பேசியதுபோல இருக்கும். ஆனால் காய்கறியோடு பூ வேண்டும் என்பதே என் கட்சி. என்னை அந்தப் பக்கம் நிறுத்துவது கடைசியாக எடுத்துக்கொள்ளும் இந்த ஒரு காரணம்: பூச்சியைத் தின்னும் பூச்சிகள்.

அவரைக் கொழுந்தில் அசுவினி கறுப்பாக அப்பியிருக்கிறது. உற்றுப் பார்த்தால், கூட்டத்துக்கு நடுவே சில அசுவினிகள் மட்டும் ஊதி உருண்டு, தங்கப் பழுப்பு நிறத்தில், காகிதம்போல உலர்ந்து நிற்கும். சிலவற்றின் முதுகில் ஊசியால் குத்தியதுபோல வட்டமான துளை. கண்ணுக்கு எளிதில் தெரியாத குட்டிக் குளவி ஒன்று உயிருள்ள அசுவினிக்குள் முட்டையிட்டு, அதன் குஞ்சு உள்ளேயிருந்தே தின்று, துளை போட்டு வெளியே வந்த இடம் அது. அதே கொழுந்தில் கால் இல்லாத பச்சைப் புழு ஒன்று அசுவினியை வாயில் கவ்வித் தூக்கி உறிஞ்சிக்கொண்டிருக்கலாம். பயந்து நசுக்கிவிடாதீர்கள். தேனீபோலவே மஞ்சளும் கறுப்புமாகப் பட்டை போட்டுக்கொண்டு அந்தரத்தில் நின்று பறக்கும் சிர்பிட் ஈயின் புழு அது.

இந்தக் குளவியும் ஈயும் வளர்ந்த பிறகு அசுவினியைத் தின்பதில்லை. அவற்றுக்குத் தேனும் மகரந்தமும் வேண்டும். சிர்பிட் ஈக்கு மகரந்தம் கிடைக்காவிட்டால் முட்டையே முதிராது. பூவே இல்லாத மாடியில் அவை தங்காது. பூ கொடுத்தால் பூச்சிக்கொல்லி குறையும் என்பது வெறும் அனுமானமாக இல்லை. தாய்லாந்து, சீனா, வியட்நாம் மூன்று நாட்டு நெல்வயல்களில் வரப்பு நெடுக எள் முதலிய தேன் தரும் செடிகளை வளர்த்துப் பார்த்த ஆய்வு 2016இல் வெளியானது. பூச்சிக்கொல்லிப் பயன்பாடு 70 சதவீதம் குறைந்தது. விளைச்சல் 5 சதவீதம் கூடியது. நெல்வயல் வேறு, மாடி வேறு என்பது உண்மை. இருந்தாலும் இங்கே பார்த்த ஐந்து கூற்றுகளில் பல நாட்டு வயல்களில் நிரூபணமானதும், தோட்டம் சிறிதாக இருப்பதால் தன் அடிப்படையை இழக்காததும் இது ஒன்றுதான். ஒரு பை கொத்தமல்லிப் பூவே குட்டிக் குளவிக்குப் பெரிய வயல்.

கொத்தமல்லி என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இந்தப் பூச்சிகளின் வாய் மிகக் குட்டை. ஆழமான குழல் பூவிலிருந்து அவற்றால் தேன் எடுக்க முடியாது. நாற்றுப் பண்ணையில் விற்கும் பந்துபோன்ற கலப்பினச் செண்டுமல்லியில், தேனும் மகரந்தமும் தரும் நடுப்பூக்கள் பெரும்பாலும் வெறும் இதழாக மாறியிருக்கும். மாலைக்கு அழகு, குளவிக்குப் பட்டினி. கொத்தமல்லிப் பூ அப்படியில்லை. குடை விரித்ததுபோன்ற கொத்தில் சிறுசிறு வெள்ளைப் பூக்கள், ஒவ்வொன்றின் நடுவிலும் திறந்து கிடக்கும் துளித் தேன். காலை வெயில் ஏறும் நேரத்தில் அந்தக் குடையின் அருகே முகத்தைக் கொண்டுபோய்ச் சற்று நேரம் பார்த்தால், எறும்பைவிடச் சிறிய குளவிகள் பூவுக்குப் பூ நடந்து போவது தெரியும். சோம்பு, வெந்தயம், கடுகு, முள்ளங்கி, துளசி, திருநீற்றுப்பச்சிலை, எள் ஆகியவற்றையும் இந்த வேலைக்குச் சேர்க்கலாம். தட்டைப்பயறுக்கு இன்னொரு சிறப்பு. பூவுக்கு வெளியிலும் அதற்குத் தேன் சுரப்பி உண்டு. அதில் வரும் அசுவினி பொறிவண்டுகளை வரவழைக்கும். வேளாண் துறையினர் வரப்பில் தட்டைப்பயறு போடச் சொல்வது அதனால்தான்.

இவற்றில் பாதிக்கு மேல் நாம் ஏற்கெனவே வளர்ப்பவை. பூக்கும் நேரத்தில் முற்றிவிட்டது என்று பிடுங்கி எறிகிறோம். துளசியின் கதிரைக் கிள்ளிவிடுகிறோம். காய்கறித் தோட்டத்துக்கு மிகவும் உதவும் பூக்களைக் கையால் அகற்றிவிட்டு, உதவாத பூவைக் காசு கொடுத்து வாங்கி வைக்கிறோம்.

இதற்கும் எல்லை உண்டு. பொறிவண்டும் குளவியும் அசுவினி, முட்டை, இளம்புழு ஆகியவற்றைக் குறைக்கும். காய்க்குள் போய்விட்ட புழுவையும், பாகலைக் குத்தும் பழ ஈயையும் பெரிதாக ஒன்றும் செய்யாது. பொறிவண்டும் குளவியும் பெருகுவதும் அசுவினி பெருகிய பிறகுதான். ஒன்றிரண்டு வாரம் பொறுமை வேண்டும். அந்த இடைவெளியில் பதறிப்போய் மருந்தடித்தால் முதலில் சாவது காவல் பூச்சிதான். வேப்ப எண்ணெய்கூடப் பூத்த கொத்துகளின் மேல் படக்கூடாது. மாலையில், இலையின் அடிப்பக்கம் மட்டும்.

சில பூச்செடிகள் நேரடியாகக் கெடுதல் செய்வதையும் சொல்லாமல் விடக்கூடாது. செம்பருத்தியும் வெண்டையும் ஒரே குடும்பம். செம்பருத்தியில் வெள்ளைப் பஞ்சாக அப்பும் மாவுப்பூச்சியும், தத்துப்பூச்சியும், வெள்ளை ஈயும் வெண்டைக்கும் வரும். மாவுப்பூச்சி வெண்டையோடு நிற்காது, கத்தரிக்கும் தக்காளிக்கும் போகும். மிளகாய் இலையைச் சுருட்டும் இலைப்பேன் ரோஜாவிலும் வாழும். பங்குனி, சித்திரையில் செண்டுமல்லி இலை வெளிறி, நுனியில் மெல்லிய நூலாம்படை தெரிந்தால் சிவப்புச் சிலந்திப்பேன் குடியேறிவிட்டது என்று பொருள். அடுத்து அது போகும் இடம் கத்தரி. கோடையில் ஓய்ந்த செண்டுமல்லியை வேரோடு எடுத்துவிட வேண்டும். இன்னும் இரண்டு மொட்டு இருக்கிறதே என்று வைத்திருக்கக் கூடாது.

அழகுக்காகவும் சாமிக்காகவும் பூ வளர்ப்பவர்களைப் பற்றி எனக்கு எந்த வழக்கும் இல்லை. காலையில் மாடி ஏறினால் நாலு நித்தியமல்லியும் ஒரு கொத்துக் கனகாம்பரமும் கிடைப்பது தனி நிறைவு. அதற்குப் பூச்சியை விரட்டுகிறது என்ற சான்றிதழ் தேவையே இல்லை. பூவைப் பூவுக்காகவே வளர்க்கலாம், கைப்பிடிச் சுவர் ஓரத்தில், காய்கறிப் பைகளிலிருந்து தள்ளி.

என் தீர்ப்பு இது. தக்காளிக்குச் செண்டுமல்லி காவல் என்ற நம்பிக்கை மாடித் தோட்டத்தில் நிற்காது. பாத்தி மண்ணில் நூற்புழு இருந்தால் ஒரு பருவம் முழுக்கச் செண்டுமல்லி மட்டும் போடுவது நல்ல மருத்துவம். காலையில் பூக்கும் கொடிகளுக்குத் திறந்த பூக்கள் கொஞ்சம் உதவும். மாலைப் பூக்கொடிக்கு உங்கள் கைதான் துணை. இயற்கை எதிரிகளுக்காகப் பூ வைப்பது சந்தேகமில்லாமல் தகும், அதற்குப் பத்துப் பைக்கு ஒரு பை ஒதுக்கலாம். அந்தப் பை பூச்செடிப் பையாக இருக்க வேண்டியதில்லை.

இந்த ஆடிப் பட்டத்தில் ஒன்று செய்யுங்கள். அஞ்சறைப் பெட்டித் தனியாவை உள்ளங்கையில் வைத்து இரண்டாக உடையும்படி தேய்த்து, ஒரு பையில் விதையுங்கள். இலைக்கு வேண்டியதைக் கிள்ளிக்கொண்டு, நாலைந்து செடியைப் பூக்க விடுங்கள். மூன்று வாரம் கழித்து இன்னொரு பையில் அதேபோல விதைத்தால் ஒன்று ஓயும்போது அடுத்தது பூக்கும். செண்டுமல்லியை வாங்குவதும் வாங்காததும் உங்கள் விருப்பம். வாங்கினால், தினமும் அதன் மொட்டைப் பிரித்துப் பாருங்கள்.